எதை முதலில் படிப்பது?

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இவ்விழாவில் பேச வேண்டும் என்று நம் செயலாளர் கட்டளையிட்டபோது நாம் மிகவும் தயங்கினோம். நாம் புலவரும் அல்லோம், பேச்சாளரும் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, இரயில் நிலையத்தில் பயணச் சீட்டுக் கொடுக்கும் சாளரத்துக்குப் பின்னால் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவர்கள். சென்ற ஆண்டு இதே மேடையில் அறிஞர் ஒருவர் தமிழின் தொன்மை பற்றிப் பேசினார். அந்த உயரத்துக்கு ஏற நம்மிடம் ஏணி கிடையாது. ஆகவே சிறிய பொருளொன்றை எடுத்துக்கொண்டிருக்கிறோம். கல்கி எழுதிய மூன்று சரித்திரக் கதைகளை, அதாவது 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்', 'பொன்னியின் செல்வன்' ஆகிய மூன்றையும், எந்த வரிசையில் படிப்பது?

முன்வரிசையில் சிலர் புன்னகை செய்கிறார்கள். இதற்கு ஒரு பேச்சா என்று அவர்கள் எண்ணுவது நமக்குத் தெரிகிறது. பொருள் சிறிதுதான். ஆனால் இந்தச் சிறிய பொருளில் தவறு செய்து, பையன் ஒருவனை நாம் தமிழிலிருந்து விரட்டியிருக்கிறோம். அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

2022ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் 'பொன்னியின் செல்வன்' திரைப்படத்தின் முதற் பாகம் வெளிவந்தது. நம் காலனியில் ஏறத்தாழ எல்லாக் குடும்பங்களும் பார்த்துவிட்டன. அதற்கு அடுத்த வாரம் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் சங்க நூலகத்துக்கு வந்தான். பள்ளியில் அவனுக்கு மலையாளமும் ஆங்கிலமும். தமிழ் எழுத்தை நம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கற்றவன். "மாமா, பொன்னியின் செல்வன் உண்டுமா?" என்று கேட்டான். நமக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நூலகப் பொறுப்பு நம்முடையது. ஆண்டு முழுதும் அந்த இரண்டு அலமாரிகளையும் கறையானிடமிருந்து காப்பதைத் தவிர வேறு வேலை வருவதில்லை. ஐந்து பாகங்களையும் எடுத்துத் தூசி தட்டி, சணற்கயிற்றால் கட்டி, ஒரே மூச்சில் அவன் கையில் கொடுத்து அனுப்பினோம்.

பதினான்காம் நாள் கட்டு திரும்பி வந்தது. நான்கு பாகங்களில் கயிறு கூட அவிழவில்லை. முதற் பாகத்தில் நாற்பதாவது பக்கத்தருகே அடையாளமாக ஒரு சீட்டு இருந்தது; பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் போன பேருந்துச் சீட்டு. (நம் தொழிலுக்கு அதுவும் ஓர் அவமானம்!) "என்ன மக்களே, பிடிக்கவில்லையா?" என்று கேட்டோம். "கதை கொள்ளாம் மாமா. எனக்குத் தமிழ் வராது" என்றான்.

கதை பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் வருந்தியிருக்க மாட்டோம். தமிழ் வராது என்று அவன் தன்னைப் பற்றித் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு போனான். அந்தத் தீர்ப்புக்குக் காரணம் நாமே என்று அன்று நமக்குப் புரியவில்லை. புரிய வைத்தவள் அவனுடைய தங்கை.

அந்தப் பெண் அப்போது ஏழாம் வகுப்பு. பிள்ளைகள் 'அனிமே' என்று சொல்லும் ஜப்பானியச் சித்திரத் தொடர்களில் மூழ்கிக் கிடப்பவள். ஒரு நாள் நூலகத்தில் அமர்ந்து நோட்டுப் புத்தகத்தில் எண்களாக எழுதிக்கொண்டிருந்தாள். கணக்குப் பாடம் என்று நினைத்து எட்டிப் பார்த்தோம். 'நரூட்டோ' என்னும் தொடரை எந்த வரிசையில் பார்ப்பது என்னும் அட்டவணை அது! நாம் இருக்கும் துறையில் இரயில் கால அட்டவணை கூட அவ்வளவு துப்புரவாக எழுதப்பட்டு நாம் கண்டதில்லை. விளக்கம் கேட்டோம், அரை மணி நேரம் பாடம் நடத்தினாள்.

மசாஷி கிஷிமோட்டோ என்பவர் 1999 முதல் 2014 வரை ஜப்பானிய வார இதழ் ஒன்றில் வாராவாரம் வரைந்து எழுதிய படக்கதை அது. 2002இல் அதைத் தொலைக்காட்சித் தொடராக்கத் தொடங்கினார்கள். முதல் தொடர் 220 பகுதிகள். பின் 2007 முதல் 2017 வரை இரண்டாம் தொடர் 500 பகுதிகள். ஒரு பகுதிக்கு 23 நிமிடம் என்று வைத்து நாம் கணக்கிட்டோம். உண்ணாமல் உறங்காமல் பார்த்தால் பதினொன்றரை நாள் ஆகும். இதில் ஒரு சிக்கல். தொலைக்காட்சியின் வேகம் அதிகம். வார இதழில் கதை வளர்வதற்குள் தொடர் அதை எட்டிப் பிடித்துவிடும். எட்டிப் பிடிக்காமலிருக்க, மூலத்தில் இல்லாத பகுதிகளை நடுநடுவே புகுத்தி நேரம் கடத்தினார்கள். முதல் தொடரில் 136ஆம் பகுதிக்கு மேல் வருபவை ஏறத்தாழ முழுவதும் அப்படிப்பட்ட நிரப்புப் பகுதிகள்தாமாம். போதாக்குறைக்கு நடுவில் திரைப்படங்கள். 2014இல் வெளிவந்த ஒரு படத்தை 2017இல் முடிந்த தொடரின் கடைசிச் சில பகுதிகளுக்கு முன்னே செருகிப் பார்க்க வேண்டும். இதெல்லாம் தெரியாமல் ஒருவன் கண்டபடி தொடங்கினால் சலித்துப் போய் நடுவழியில் இறங்கிவிடுவான் என்றாள்.

"கதாநாயகனின் மகனுக்கும் ஒரு தொடர் உண்டு மாமா, 293 பகுதி" என்று அவள் சொன்னபோது நாம் திடுக்கிட்டோம். பொன்னியின் செல்வனின் ஐந்து பாகங்களிலும் உள்ள அத்தியாயங்களைக் கூட்டினால் அதே 293தான்! (57, 53, 46, 46, 91, ஐயமுள்ளோர் கூட்டிப் பார்க்கலாம்.) இதை அவளிடம் சொன்னோம். வியப்படைவாள் என்று எதிர்பார்த்தோம். அவள் கேட்ட கேள்வியோ வேறு. "அப்போ அதுக்கும் ஒரு வரிசை வேண்டாமா மாமா? அண்ணனுக்கு நீங்கள் ஒரு வரிசையும் சொல்லவில்லையே."

நம்மிடம் விடை இல்லை. அதைத் தேடி எடுத்ததுதான் இந்தப் பேச்சு.

கல்கியும் வார இதழுக்காக எழுதியவர்தாம் என்பதை இளையோருக்கு நினைவூட்ட வேண்டும். 1941இல் அவர் சொந்தமாகப் பத்திரிகை தொடங்கிய பின், அதே ஆண்டில் 'பார்த்திபன் கனவு' தொடராக வரத் தொடங்கி 1943இல் முடிந்தது. 1944 முதல் 1946 வரை 'சிவகாமியின் சபதம்'. 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை 'பொன்னியின் செல்வன்'. அந்த ஆண்டு டிசம்பரில் அவர் காலமாகிவிட்டார். எழுதிய வரிசை இது. கதை நிகழும் வரிசையோ வேறு. சிவகாமியின் சபதம் மகேந்திர பல்லவரின் இறுதிக் காலத்தையும், அவர் மகன் நரசிம்மவர்மர் என்னும் மாமல்லரின் இளமையையும், 642இல் வாதாபி வீழ்ந்ததையும் சொல்வது. பார்த்திபன் கனவில் அதே மாமல்லர் வயது முதிர்ந்த சக்கரவர்த்தி. மணப் பருவத்து மகளுக்குத் தந்தை. ஆகவே கதைப்படி சபதம் முந்தியது, கனவு பிந்தியது. எழுதியவரோ பிந்தியதை முதலில் எழுதினார். பொன்னியின் செல்வன் இவற்றுக்கு முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் சோழ நாட்டில் நிகழ்வது.

நம் அயலாராகிய மலையாளிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. சி. வி. இராமன் பிள்ளையின் 'மார்த்தாண்ட வர்மா' 1891இல் வந்தது. 'தர்மராஜா' 1913இல், 'ராமராஜபகதூர்' அதற்குப் பின். கதையும் அதே வரிசையில்தான் நடக்கிறது. மார்த்தாண்ட வர்மர் ஒளிந்திருந்ததாகச் சொல்லும் அம்மச்சிப் பிலாவு இதோ நெய்யாற்றின்கரைக் கோயில் வளாகத்தில் இருக்கிறது. மரத்தைக் காட்டி முதற் புத்தகத்தைப் பிள்ளை கையில் கொடுத்தால் மற்றவை தாமே வரும். இங்கிலாந்திலோ நம்மைப் போலவே ஒரு வழக்கு உண்டு. சி. எஸ். லூயிசு 1950 முதல் 1956 வரை எழுதிய 'நார்னியா' கதைகள் ஏழு. கதைப்படி முதலாவதாக வரவேண்டியதை அவர் ஆறாவதாக வெளியிட்டார். பிற்காலப் பதிப்பாளர்கள் கதை வரிசைப்படி எண்ணிட்டார்கள். எது சரி என்று அங்குள்ளோர் இன்றும் சண்டையிடுகிறார்கள்.

நம் சங்கத்திலும் சண்டை வந்தது. ஓய்வு பெற்ற அஞ்சல்துறைப் பெரியவர் ஒருவர், நாம் அண்ணாச்சி என்று அழைப்பவர், வரலாற்று வரிசைக்கே வாக்கு. முதலில் சபதம், பிறகு கனவு, பிறகு செல்வன். "ஓய், பேரப் பிள்ளையைக் காட்டிவிட்டா தாத்தாவைக் காட்டுவீர்?" என்று கேட்டார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. பார்த்திபன் கனவை முதலில் படித்தவனுக்கு மாமல்லர் வாதாபிப் போரிலிருந்து உயிரோடு மீண்டார் என்பது தெரிந்துவிடும். அவர் மணந்து மக்கள் பெற்றதும் தெரிந்துவிடும். அதன் பின் சிவகாமியின் கதையில் என்ன பதைப்பு மிஞ்சும் என்பது அவர் கட்சி.

நாம் அவரிடம் சொன்ன மறுமொழி இதுதான். அண்ணாச்சி, நம் தாத்தாவை நாம் எப்படி அறிந்தோம்? முதலில் கண்டது நரைத்த தலையையும் ஊன்றுகோலையும் அல்லவா? அவர் வாலிபத்தில் என்ன செய்தார், யாரை இழந்தார் என்பதைப் பாட்டி பிறகுதான் சொன்னாள். சொன்ன பிறகு, திண்ணையில் அமர்ந்திருந்த அந்தக் கிழவரையே வேறு கண்ணால் பார்த்தோம். மாமல்லரை முதலில் சக்கரவர்த்தியாகப் பார்த்தவன், பிறகு அவரை இளவரசராக, ஆயனச் சிற்பியின் மகள் ஆடுவதைப் பார்த்து நிற்பவராகக் காணும்போது, இவர் எதைக் கொடுத்து எதைப் பெற்றார் என்று எண்ணிக்கொண்டே படிப்பான். வாதாபி வீழும் என்பது வரலாறு அறிந்த எவருக்கும் தெரிந்ததுதானே! சபதத்தின் பதைப்பு வெற்றியில் இல்லை. அந்த வெற்றிக்கு ஆன விலையில் இருக்கிறது. விலை முன்பே ஓரளவு தெரிந்தவனுக்கு மனம் இன்னும் கனக்கும்.

மாற்றிப் படித்தால் இழப்பு பெரிது. பார்த்திபன் கனவில் ஒரு சிவனடியார் வருகிறார். போர்க்களத்தில் உயிர் பிரியும் சோழ மன்னன் பார்த்திபன் தன் கனவை அவரிடம்தான் ஒப்படைக்கிறான். அவர் யார் என்பது கதையின் உயிர்நாடி. நான்கு பாகச் சபதத்தைப் படித்து முடித்துவிட்டு வருகிறவனுக்கு, அந்த அடியார் வந்து நின்ற முதல் நிமிடத்திலேயே ஐயம் பிறந்துவிடும். ஏன் பிறக்கும் என்று விளக்கினால் இங்கே உள்ள இருபது குழந்தைகளின் இன்பத்தை நாமே கெடுத்தவர் ஆவோம். இதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. ஆரம்பத்தில்தான் தொடங்க வேண்டும் என்பது நம் வீடுகளில் என்றுமே விதியாக இருந்ததில்லை. ஆடி மாதத்தில், இவ்வூரார் கர்க்கடகம் என்று சொல்லும் மாதத்தில், அயல் வீடுகளில் எழுத்தச்சனின் அத்யாத்ம ராமாயணத்தை முதல் நாள் முதற் பக்கத்தில் எடுத்து மாத முடிவில் முடிக்கிறார்கள். அழகான முறை. நம் பாட்டிமாரில் எத்தனை பேர் இராமாயண பாராயணத்தைச் சுந்தர காண்டத்தில் தொடங்கினார்கள்! காரணம் கேட்டால் புண்ணியம் என்பார்கள். அனுமன் கடலைத் தாண்டும் இடத்தில் எடுத்தால் புத்தகத்தை மூட மனம் வராது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நாம் கருதுகிறோம்.

நம் சொந்த அனுபவமும் இதற்கு ஒத்தாசை. நாம் பிறந்தது கல்குளம் வட்டத்தில். இங்கிருந்து எண்ணி முப்பது கிலோமீட்டர் கூட வராது. அவ்வளவு தூரம் வந்ததற்கே புலம்பெயர்ந்தவர் பட்டம்! நம் சங்கத்தில் ஓரடி கூட நகராத குடும்பங்களும் உண்டு. 1956 நவம்பர் முதல் நாள் எல்லைக்கோடு அவர்கள் வீட்டுக்குத் தெற்கே விழுந்தது, அவ்வளவே. நிற்க. நம் பாட்டனார் பத்திரிகைத் தாள்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்திருந்த சிவகாமியின் சபதத்தில் முதல் இரண்டு பாகங்களைக் கறையான் உண்டுவிட்டது. ஆகவே பதினான்கு வயதில் நாம் படித்த முதற் கதை மூன்றாம் பாகமான 'பிக்ஷுவின் காதல்'. யார் யார் என்றே விளங்காமல் இருநூறு பக்கம் தட்டுத் தடுமாறினோம். பரஞ்சோதியைப் படைத்தலைவராகவே அறிந்திருந்த நாம், பல ஆண்டுகள் கழித்து முதற் பாகம் கிடைத்தபோது, அவர் ஒன்றும் தெரியாத நாட்டுப்புறத்துப் பிள்ளையாகக் காஞ்சிக்கு நடந்து வருவதைப் படித்துக் கண் கலங்கினோம். முறையாகப் படித்திருந்தால் அந்தக் கண்ணீர் வந்திருக்காது. என்றாலும் இந்த வழியை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டோம். அன்று நமக்குத் தமிழ் தாய்மொழியாக மட்டுமன்றிப் பள்ளி மொழியாகவும் இருந்தது. தடுமாறினாலும் விழவில்லை. இன்று நம் பிள்ளைகளின் நிலை அதுவன்று.

அங்கேதான் நாம் அந்தப் பையனுக்குச் செய்த தவறு இருக்கிறது. பொன்னியின் செல்வன் வீராணத்து ஏரிக்கரையில் ஆடிப் பெருக்கன்று தொடங்குகிறது. அருமையான தொடக்கம். ஆனால் கடம்பூர் மாளிகையில் நள்ளிரவுக் கூட்டம் கூடுவதற்குள் எத்தனை பெயர்கள்! பழுவேட்டரையர் இருவர், சம்புவரையர், மலையமான், கொடும்பாளூர் வேளிர், கண்டராதித்தர், அரிஞ்சயர், சுந்தர சோழர், மதுராந்தகர். யாருக்கு யார் பெரியப்பன், யாருக்கு யார் மருமகன் என்று அறியாமல் அடுத்த பக்கம் போக முடியாது. நடுவே சைவ வைணவ வாதம். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு இது மதிலேறிக் குதிப்பது போல. மலையாள எழுத்தில் பழகியவனுக்கு ஒரே 'க' நான்கு ஒலிக்கு நிற்பதே பெரிய தொல்லை. 'கபாலம்' என்றால் எந்தக் 'க' என்று கேட்பான். மலையாளத்தில் அதற்கெல்லாம் தனித்தனி எழுத்து உண்டல்லவா? இப்படிப்பட்டவன் கையில் ஐந்து பாகத்தைக் கட்டாகக் கொடுத்தோம்.

பார்த்திபன் கனவோ ஒரே புத்தகம். காவிரிக் கரையில் ஒரு தோணித்துறை, படகோட்டி பொன்னன், அவன் மனைவி வள்ளி. தோணி என்னும் சொல் மலையாளத்திலும் தோணிதான். கரையும் கரைதான். முதற் பக்கத்தைப் படித்ததும் அந்தப் பெண், "மாமா, இது எனக்குத் தெரிந்த வார்த்தையாக இருக்கிறதே" என்றாள். ஆம், தங்கைக்கு நாம் அதைத்தான் கொடுத்தோம். அதுவும் கொடுத்து அனுப்பவில்லை. ஞாயிறுதோறும் வகுப்பு முடிந்த பின் ஓர் அத்தியாயம் நாம் படித்தோம், அடுத்த அத்தியாயத்தை அவள் படித்தாள். இதழுக்கு இதழ் காத்திருந்து படிக்கும்படி எழுதிய கதை ஆதலால் ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு கொக்கியில்தான் முடியும். இரண்டு மாதத்தில் ஞாயிறு வரை காத்திருக்கப் பொறுக்காமல் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள். அங்கே அவள் தாயார், தாமும் மலையாளப் பள்ளியில் பயின்றவர், தமிழ் எழுத்து அறியாதவர், அடுக்களையில் நின்றபடியே வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம். ஒரு நாள் கடைத்தெருவில் நம்மைக் கண்டு, "அண்ணாச்சி, அந்த வள்ளிக்கு ஒன்றும் ஆகாதே?" என்று கவலையோடு விசாரித்தார்.

குழப்பங்களும் வந்தன, மறைக்க வேண்டியதில்லை. 'பார்த்திபன்' நம் பார்த்திவபுரத்து இராசாவா என்று அவள் கேட்டாள். எல்லைக்கு அப்பால் முஞ்சிறைக்கு அருகே பார்த்திவபுரம் இருக்கிறது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் அங்கே கோயிலும் கல்விச் சாலையும் நிறுவியதை 866ஆம் ஆண்டுச் செப்பேடு தமிழில் சொல்கிறது. இரண்டு பெயரிலும் இருப்பது அரசன் என்னும் பொருளுள்ள ஒரே சொல்தான், ஆள் வேறு என்றோம். அவளுக்குச் சற்று ஏமாற்றம். பெரிய குழப்பம் வேறொன்று வரப்போகிறது. பார்த்திபன் கனவில் பல்லவர் மகள் குந்தவி. பொன்னியின் செல்வனில் சோழர் மகள் குந்தவை. திரைப்படம் பார்த்த பிள்ளைகள் இருவரையும் ஒருத்தி என்று எண்ணிவிடுவார்கள். புத்தகத்தைக் கையில் கொடுக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

திரைப்படம் பற்றி. 2022இலும் 2023இலும் இரு பாகங்களாக வந்தது. பொன்னியின் செல்வனை மட்டுமே எடுத்தது. மதுராந்தகர் பற்றி நாவலில் வரும் பெரிய திருப்பம் படத்தில் இல்லை. ஆகவே படம் பார்த்தவர்களுக்கும் நாவலில் கொஞ்சம் மிச்சம் உண்டு. ஆனால் கனவையும் சபதத்தையும் அந்தப் படம் தொடவே இல்லை. படம் பார்த்த பிள்ளைக்கு இரகசியம் கெடாத கதைகள் அவைதாம். 1960இல் பார்த்திபன் கனவும் படமாக வந்தது. பழைய படம் பார்க்கும் பெரியவர்கள், புத்தகம் முடியும் வரை அதைப் பிள்ளைகளுக்குக் காட்டாதிருப்பது நலம்.

நிரப்புப் பகுதிகள் கல்கியிலும் உண்டா, தாண்டிவிடலாமா என்றும் அவள் கேட்டாள். இதற்கு விடை சொல்ல நமக்குச் சற்று அச்சந்தான். அண்ணாச்சி எதிரே அமர்ந்திருக்கிறார். கதையை நிறுத்திவிட்டுக் கல்கி சரித்திரம் சொல்லும் இடங்கள் இருக்கின்றன. பாசுரமும் தேவாரமும் பக்கக் கணக்கில் வரும் இடங்களும் இருக்கின்றன. முதன்முறை படிக்கும் இளம்பிள்ளை அவற்றை விரைந்து கடந்து போனால் நாம் கண்டிக்க மாட்டோம். இரண்டாம் முறை வரும்போது நிற்பான். கிளைக் கதை என்று தோன்றும் இடங்களை மட்டும் தாண்ட விடக்கூடாது. பொன்னியின் செல்வனில் வரும் வாய் பேசாத அந்த மாதரசியை ஓரத்துப் பாத்திரம் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டியவனுக்கு ஐந்தாம் பாகத்தில் தலையும் புரியாது, வாலும் புரியாது.

ஆகவே நாம் சொல்லும் வரிசை, எழுதியவர் எழுதிய வரிசையே. கனவு, சபதம், செல்வன். சிறிய வண்டியில் ஏறிப் பழகிப் பிறகு நெடுந்தூர வண்டிக்கு மாறுவது போல. பார்த்திபன் கண்ட கனவு முந்நூறு ஆண்டு கழித்துச் சோழர்களால் நனவாகும்போது, முதற் புத்தகத்தை அறிந்தவன் அதை உணர்வான். மூன்றும் முடிந்தவர்கள் இராசேந்திரன் கதையாகிய அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' பக்கம் போகலாம். 1963இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. இராசராசன் பெரிய கோயில் கட்டியதைப் பாலகுமாரன் 'உடையார்' என்று ஆறு பாகமாக எழுதியிருக்கிறார். இவை வேறு கையின் சமையல், சுவையும் வேறு. இராசராசனின் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச் சாலை, திருவனந்தபுரத்து வலியசாலைதான் என்று ஆய்வாளர் பலர் கருதுவதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வாரந்தோறும் பேருந்தில் கடந்து போகும் இடம் அது.

அண்ணாச்சி இன்னும் இணங்கவில்லை. தம் பேத்திக்குச் சபதத்தை முதலில் தொடங்கி வைத்திருக்கிறார். எது முந்துகிறது என்று பார்ப்போம் என்று சவால் விட்டிருக்கிறார். நாமும் ஏற்றுக்கொண்டோம். எப்படி ஆனாலும் நூலகப் பதிவேட்டில் இரண்டு பெயர் ஏறியது.

கல்கியின் நூல்கள் 1999இல் நாட்டுடைமை ஆக்கப்பட்டமையால் மலிவுப் பதிப்புகள் பல கிடைக்கின்றன. சங்கத்தில் பார்த்திபன் கனவு ஒரே படிதான் இருந்தது. செயலாளர் மேலும் மூன்று வாங்கித் தந்திருக்கிறார். பொன்னியின் செல்வனை இனி ஒரு தடவைக்கு ஒரு பாகமாகத்தான் கொடுப்பது என்று நாம் முடிவு செய்திருக்கிறோம். சணற்கயிற்றை எறிந்துவிட்டோம்.

அந்தப் பெண் இப்போது சபதத்தில் 'காஞ்சி முற்றுகை' முடித்து மூன்றாம் பாகம் எடுத்துப் போயிருக்கிறாள். அவள் அண்ணன் கல்லூரியில் சேர்ந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கையை அழைத்துப் போக மோட்டார் சைக்கிளில் வருவான். வாசலிலேயே நிற்பான், உள்ளே வருவதில்லை. சென்ற மாதம் ஒரு நாள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். அலமாரியைப் பார்ப்பது போல் சற்று நேரம் நின்றான். பிறகு, "மாமா, அந்தச் சிவனடியார் யார்? இவள் அடுக்களையில் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு எனக்கு... கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள்" என்றான்.

நாமும் சொல்லவில்லை. புதிதாக வந்த படிகளில் ஒன்றை அவன் பெயரில் எழுதிக் கொடுத்தோம். தவணை முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. புத்தகம் இன்னும் திரும்பி வரவில்லை. நாமும் கேட்கவில்லை.